குற்றமும் சிறையும்: இரு வேறு கணக்குகள்

நாடுகளின் பாதுகாப்பை ஒப்பிட்டுப் பேசும்போது இரண்டு எண்கள் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன. மக்களில் ஒவ்வொரு லட்சம் பேருக்கும் ஓர் ஆண்டில் எத்தனை கொலைகள் நடக்கின்றன என்பது ஒன்று. ஒவ்வொரு லட்சம் பேரிலும் எத்தனை பேர் சிறையில் இருக்கிறார்கள் என்பது மற்றொன்று. முதல் எண் உயர்ந்தால் இரண்டாவதும் கூடவே உயரும், குற்றம் மிகுந்த நாட்டில்தான் கைதிகளும் மிகுந்திருப்பார்கள் என்று எண்ணத் தோன்றுவது இயல்பு. ஆனால் இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்பதில்லை.

ஜமைக்காவில் 2017 முதல் 2023 வரை ஆண்டுதோறும் லட்சம் பேருக்கு 40க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்திருக்கின்றன. அங்கே கைதிகளின் விகிதமோ உலகச் சராசரியான சுமார் 140ஐ ஒட்டியே இருக்கிறது. அமெரிக்காவில் 2016 முதல் 2023 வரை கொலை விகிதம் 5 முதல் 7 வரைதான். கைதிகளின் விகிதம் 500ஐத் தாண்டுகிறது. எல் சால்வடோரில் கொலை விகிதம் 2024இல் 2க்கும் கீழே இறங்கிவிட்டது. ஆனால் அங்கே லட்சம் பேரில் 1,600க்கும் மேற்பட்டோர் சிறையில் இருக்கிறார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதம் இதுதான். ஜப்பானில் இரண்டு எண்களும் மிகக் குறைவு. தென்னாப்பிரிக்காவில் இரண்டும் உயர்வு. இந்தியாவில் கொலை விகிதம் 2க்கும் 3க்கும் இடையில், கைதிகளின் விகிதம் 40ஐ ஒட்டி.

ஆகவே 'சில நாடுகளில் குற்றமும் கைதிகளும் ஏன் அதிகம்?' என்று ஒரே மூச்சில் கேட்கும் கேள்வியை இரண்டாகப் பிரித்தாக வேண்டும். குற்றம் ஏன் பெருகுகிறது என்பதற்கான விடையைப் பிழைப்பிலும், ஏற்றத்தாழ்விலும், நீதியின் மீதுள்ள நம்பிக்கையிலும் தேட வேண்டும். சிறை ஏன் நிரம்புகிறது என்பதற்கான விடையோ பெரும்பாலும் சட்டப் புத்தகத்திலும் நீதிமன்ற நடைமுறையிலும் இருக்கிறது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பல நாடுகள் தவறான மருந்தைத் தேடிப் போயிருக்கின்றன என்பது என் கருத்து.

எது குற்றம், யார் எண்ணுவது?

முதலில், குற்றம் என்பதே எல்லாக் காலத்திலும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. இதற்குச் சேலத்துக்காரர்கள் வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. 1937 அக்டோபர் 1ஆம் நாள், ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு மதுவிலக்கை முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில்தான் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய நாள் வரை மரமேறிக் கள் இறக்கியவர் அரசிடம் உரிமம் பெற்ற தொழிலின் ஓர் அங்கம். மறுநாள் அதே மரத்தில் அதே பானையைக் கட்டினால் அவர் குற்றவாளி. இன்று அதே மாவட்டத்தில் அரசு நிறுவனமான டாஸ்மாக் மதுக்கடைகளை நடத்துகிறது. கள் இறக்குவது மட்டும் 1987 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டதாகவே நீடிக்கிறது. மதுவிலக்கு சரியா தவறா என்பது வேறு விவாதம். ஒரு மாவட்டத்தின் குற்றக் கணக்கு மக்களின் நடத்தை மாறாமலே ஒரே இரவில் ஏறவும் இறங்கவும் முடியும் என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

இதைவிடக் கொடிய உதாரணமும் இந்த மண்ணில் உண்டு. ஆங்கிலேய அரசு 1871இல் கொண்டுவந்த குற்றப் பழங்குடியினர் சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. குறிப்பிட்ட சமூகத்தில் பிறந்ததற்காகவே ஒருவரைக் குற்றவாளியாகப் பதிவுசெய்து, கைரேகை எடுத்து, காவல் நிலையத்தில் ஆஜராகச் சொல்லி, ஊர் விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டுக் கேட்ட சட்டம் அது. அதில் சிக்கிய குறவர் சமூகத்தினர் பொதிமாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராகச் சென்று விற்றவர்கள். அரசின் உப்புக் கொள்கையும் ரயில் பாதைகளும் அந்த வணிகத்தை அழித்தன. தொழில் இழந்து அலைந்தவர்களைச் சட்டம் 'பிறவிக் குற்றவாளிகள்' என்று எழுதிக்கொண்டது. சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் இந்தச் சட்டம் நீக்கப்பட்டது. 'சேலம் உப்புக் குறவர்', 'சேலம் மேல்நாட்டுக் குறவர்' என்ற பெயர்கள் தமிழ்நாடு அரசின் சீர்மரபினர் பட்டியலில் இன்றும் இருக்கின்றன. ஒரு சமூகத்தின் பிழைப்பு பறிக்கப்படுவதும், அது குற்றம் செய்யும் சமூகம் என்று முத்திரை குத்தப்படுவதும், பின்னர் அந்த முத்திரையே காவல்துறையின் சந்தேகத்துக்கு ஆதாரமாவதும் எப்படி ஒன்றையொன்று தொடர்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. அமெரிக்காவில் கறுப்பினத்தவர் வெள்ளையரைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு விகிதத்தில் சிறையில் இருப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வரலாறுதான் நினைவுக்கு வருகிறது.

பதிவு செய்யும் முறையும் எண்ணை மாற்றும். தமிழ்நாட்டில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின்கீழ் பதிவான வழக்குகள் 2019இல் சுமார் 1.7 லட்சம், 2020இல் சுமார் 8.9 லட்சம். ஓராண்டில் தமிழர்கள் ஐந்து மடங்கு கெட்டுப்போய்விடவில்லை. கொரோனா ஊரடங்கை மீறி வெளியே வந்தவர்கள் மீது போடப்பட்ட வழக்குகளே அந்த ஏற்றத்துக்குக் காரணம். கேரளத்தின் குற்ற விகிதம் தேசிய ஆவணங்களில் மிக உயர்வாகத் தெரிவதற்கும், அங்கே புகார் கொடுப்பதும் அது பதிவாவதும் எளிது என்பது ஒரு முக்கியக் காரணம். புகாரை வாங்காமல் திருப்பி அனுப்பும் காவல் நிலையம் உள்ள ஊர், காகிதத்தில் அமைதியான ஊராகத் தெரியும். எனவேதான் நாடுகளை ஒப்பிடும்போது ஆய்வாளர்கள் திருட்டையோ தாக்குதலையோ விட்டுவிட்டுக் கொலையை எடுத்துக்கொள்கிறார்கள். பிணத்தை மறைப்பது கடினம். கொலை என்பதன் பொருளும் நாட்டுக்கு நாடு பெரிதாக மாறுவதில்லை.

வன்முறை ஏன் சில இடங்களில் குவிகிறது?

ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகத்தின் கணக்குப்படி, 2021இல் உலகெங்கும் சுமார் 4,58,000 பேர் கொலை செய்யப்பட்டார்கள். லட்சம் பேருக்கு 5.8. இந்தச் சராசரிக்குப் பின்னால் பெரும் வேறுபாடு மறைந்திருக்கிறது. அமெரிக்கக் கண்டங்களில் அது 15. ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் அதில் ஒரு சிறு பங்கு.

வறுமைதான் காரணம் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் அது பொருந்தவில்லை. இந்தியாவும் வங்கதேசமும் ஜமைக்காவைவிடவும் மெக்சிகோவைவிடவும் ஏழ்மையானவை. கொலை விகிதத்தில் அவற்றைவிட மிகக் கீழே இருக்கின்றன. வறுமையைவிட ஏற்றத்தாழ்வுதான் கொலையோடு நெருக்கமாகச் சேர்ந்து வருகிறது. உலகிலேயே வருமான ஏற்றத்தாழ்வு மிகுந்த நாடு தென்னாப்பிரிக்கா. 1990களின் தொடக்கம் வரை நிறவெறிச் சட்டம் கறுப்பின மக்களை நகரத்துக்கு வெளியே, வேலைக்கும் பள்ளிக்கும் எட்டாத குடியிருப்புகளில் அடைத்துவைத்தது. சட்டம் போன பிறகும் குடியிருப்புகள் அங்கேயே இருக்கின்றன. வேலையில் இருப்பவர்களையும் வேலை தேடுபவர்களையும் சேர்த்துப் பார்த்தால், அவர்களில் முப்பது சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வேலையில்லாமல் இருக்கிறார்கள். கண்ணெதிரே செல்வத்தைப் பார்த்துக்கொண்டு, அதற்குப் போகும் நேர்வழி எல்லாம் அடைபட்ட இளைஞர்கள் கூட்டமாக வாழும் இடத்தில், மதிப்பும் பணமும் குழுவின் வழியாகவும் ஆயுதத்தின் வழியாகவுமே கிடைக்கும் என்ற நிலை உருவாகிறது. உலகில் கொல்லப்படுகிறவர்களில் சுமார் 80 சதவீதத்தினர் ஆண்கள் என்பதும், அவர்களில் இளைஞர்களே மிகுதி என்பதும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை.

அடுத்தது, குற்றம் செய்தவர் பிடிபடுவாரா என்பது. தண்டனையின் கடுமையைவிட அது நிச்சயமாகக் கிடைக்கும் என்ற அச்சமே குற்றத்தைத் தடுக்கிறது என்று இத்தாலியரான பெக்காரியா 1764லேயே எழுதினார். அதன்பின் வந்த ஆய்வுகள் பெருமளவு அதையே உறுதிசெய்திருக்கின்றன. ஐ.நா. அலுவலகத்தின் 2013ஆம் ஆண்டு அறிக்கையின்படி, நூறு கொலைகளுக்கு ஐரோப்பாவில் 81 பேர் தண்டிக்கப்பட்டார்கள். ஆசியாவில் 48 பேர். அமெரிக்கக் கண்டங்களில் 24 பேர் மட்டுமே. கொலை செய்தாலும் நான்கில் மூன்று பங்கு தப்பித்துவிடலாம் என்ற நிலை இருக்கும் இடத்தில் இரண்டு விளைவுகள் நிகழ்கின்றன. கொலை மலிவாகிறது. நீதிமன்றத்தை நம்ப முடியாத குடும்பங்கள் தாங்களே பழிவாங்கப் புறப்படுகின்றன. ஒரு கொலை அடுத்த கொலைக்கு வித்தாகிறது. தென் மாவட்டங்களில் பழிக்குப் பழி வழக்குகளைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்கிறவர்களுக்கு இந்தச் சங்கிலி புதிதாக இராது.

ஆயுதம் மூன்றாவது. அமெரிக்காவில் திருட்டும் அடிதடியும் மேற்கு ஐரோப்பிய நாடுகளைவிடப் பெரிதாக அதிகமில்லை. சண்டை உயிரிழப்பில் முடிவதுதான் அதிகம். அங்கே பொதுமக்களிடம் உள்ள துப்பாக்கிகளின் எண்ணிக்கை மக்கள்தொகையைவிட மிகுதி. நூறு பேருக்குச் சுமார் 120 என்று 2017ஆம் ஆண்டு மதிப்பீடு ஒன்று சொல்கிறது. கம்போடு போகும் கோபமும் துப்பாக்கியோடு போகும் கோபமும் ஒரே முடிவைத் தருவதில்லை.

இவற்றையெல்லாம் ஒன்றாகக் கட்டிவிடுவது சட்டத்துக்குப் புறம்பான வணிகம். எல் சால்வடோரின் கதையை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அந்தச் சிறிய நாட்டில் 1980 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. அதற்கு அஞ்சி அமெரிக்காவுக்கு ஓடிய குடும்பங்களின் பிள்ளைகள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஏழைத் தெருக்களில், ஏற்கெனவே இருந்த குழுக்களுக்கு எதிராகத் தங்களைக் காத்துக்கொள்ளத் தாங்களும் குழுக்களாகச் சேர்ந்தார்கள். போர் முடிந்ததும் அமெரிக்கா அவர்களில் ஆயிரக்கணக்கானோரை நாடு கடத்தியது. காவல்துறை அப்போதுதான் புதிதாகக் கட்டப்பட்டுவந்த, போரின் ஆயுதங்கள் இன்னும் புழக்கத்தில் இருந்த, வேலை இல்லாத ஒரு நாட்டில் அவர்கள் வந்து இறங்கினார்கள். கடைக்காரர்களிடமும் பேருந்து ஓட்டுநர்களிடமும் மாமூல் வசூலித்து அந்தக் குழுக்கள் வளர்ந்தன. 2015இல் அங்கே கொலை விகிதம் லட்சத்துக்கு 100ஐத் தாண்டியது. போர், வறுமை, இடப்பெயர்வு, பலவீனமான அரசு, அண்டை நாடு எடுத்த ஒரு முடிவு ஆகிய அனைத்தும் சேர்ந்து செய்த அழிவு அது. அதை ஒரு மக்களின் குணம் என்று சொல்வது அநியாயம்.

இத்தகைய வணிகத்தின் கடைசிப் படியில் யார் நிற்கிறார்கள் என்பதை நம் மலைகளே காட்டுகின்றன. ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் வளரும் செம்மரத்துக்கு வெளிநாடுகளில் பெரும் விலை உண்டு. அதை வெட்டச் சவ்வாது மலையிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலிருந்தும் தரகர்கள் ஆள் பிடிக்கிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலத்தில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த 20 பேரும் தமிழ்நாட்டு வடமாவட்டங்களிலிருந்து போன கூலித் தொழிலாளர்கள். மலையில் விளைச்சல் பொய்த்து, எஸ்டேட்டிலோ கேரளத்திலோ வேலை கிடைக்காத மாதத்தில், பல வாரக் கூலியைச் சில நாளில் தருவதாகச் சொல்லும் தரகரின் பேச்சு எடுபடுகிறது. சிறைக்குப் போகிறவரும் சுடப்படுகிறவரும் மரம் வெட்டியவர்; அந்த மரத்தை விற்றுப் பணம் சேர்த்தவர் நீதிமன்றத்தின் வாசலை மிதிப்பது அரிது.

சிறை ஏன் நிரம்புகிறது?

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். மேட்டூர் அணையின் நீர்மட்டம் ஏறுகிறது என்றால் நீர்வரத்து கூடியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வரத்து அதே அளவாக இருந்து, திறந்துவிடும் நீர் குறைந்தாலும் மட்டம் ஏறும். சிறையின் கணக்கும் இதுதான். ஓர் ஆண்டில் எத்தனை பேர் உள்ளே போகிறார்கள், ஒவ்வொருவரும் எத்தனை காலம் உள்ளே இருக்கிறார்கள் என்ற இரண்டையும் பெருக்கிக் கிடைப்பதே கைதிகளின் எண்ணிக்கை. இவ்விரண்டையுமே பெரும்பாலும் சட்டமியற்றுபவர்களும் காவல்துறையும் நீதிமன்றங்களும் தீர்மானிக்கின்றன.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அங்கே 1972இல் மாநில, கூட்டாட்சிச் சிறைகளில் சுமார் 2 லட்சம் பேர் இருந்தார்கள். 2009இல் அது 16 லட்சம். உள்ளூர்க் காவல் சிறைகளையும் சேர்த்தால் சுமார் 23 லட்சம். தொடக்கத்தில் இதற்கு ஒரு நியாயம் இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது: 1960இல் 5ஐ ஒட்டியிருந்த கொலை விகிதம் 1980இல் 10ஐத் தாண்டியது, மக்கள் உண்மையாகவே அஞ்சினார்கள். 1971இல் அதிபர் நிக்சன் போதைப்பொருளை நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தார். 1986ஆம் ஆண்டுச் சட்டமொன்று, ஏழைக் கறுப்பினப் பகுதிகளில் புழங்கிய கிராக் கொக்கெய்ன் 5 கிராம் விற்பதற்காக வைத்திருந்தவருக்கும், வசதியானோர் பயன்படுத்திய தூள் கொக்கெய்ன் 500 கிராம் விற்பதற்காக வைத்திருந்தவருக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனையை விதித்தது. 2010இல்தான் இந்த நூறு மடங்கு வேறுபாடு பதினெட்டு மடங்காகக் குறைக்கப்பட்டது. 1994இல் கலிஃபோர்னியா, ஏற்கெனவே இரண்டு கடுங்குற்றங்களுக்குத் தண்டனை பெற்று மூன்றாம் முறை குற்றம் செய்தவருக்கு 25 ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை என்று சட்டம் செய்தது. ஏறத்தாழ 150 டாலர் மதிப்புள்ள வீடியோ கேசட்டுகளை இரண்டு தடவையாகத் திருடிய ஒருவருக்கு, இரண்டு திருட்டுக்கும் சேர்த்து அந்தச் சட்டப்படி விதிக்கப்பட்ட 50 ஆண்டு முதல் ஆயுள் வரையிலான தண்டனையை 2003இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தள்ளுபடி செய்ய மறுத்தது. நீதிபதிக்குக் குறைத்துக் கொடுக்கும் அதிகாரம் இல்லாத தண்டனைகள், தேர்தலில் நின்று வெல்ல வேண்டியிருப்பதால் கடுமையைக் காட்டும் அரசு வழக்கறிஞர்கள், நீண்டுகொண்டே போன சிறைக்காலம் ஆகிய எல்லாம் சேர்ந்து சிறையை நிரப்பின. 1991க்குப் பிறகு குற்றம் வேகமாகக் குறைந்தபோதும் கைதிகளின் எண்ணிக்கை மேலும் பல ஆண்டுகள் ஏறிக்கொண்டே போனது என்பதுதான் இந்தக் கணக்கின் மையம்.

கடுமையால்தான் குற்றம் குறைந்தது என்று ஒருவர் கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆய்வாளர்கள் ஒரு பங்கை ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் எல்லைக்கு அப்பால் உள்ள கனடாவில், கைதிகளின் விகிதம் பெரிதாக ஏறாமலே, அதே ஆண்டுகளில் குற்றம் ஏறத்தாழ அதே போக்கில் குறைந்தது.

பின்லாந்தின் அனுபவம் இதைவிடத் தெளிவானது. 1950களில் அங்கே கைதிகளின் விகிதம் அண்டை நார்டிக் நாடுகளைப் போல மூன்று நான்கு மடங்காக இருந்தது; குற்றம் அப்படி இருக்கவில்லை. ரஷ்ய ஆட்சிக் காலத்துச் சட்டங்களும் 1918ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் விட்டுச்சென்ற கடுமையும் அதற்குப் பின்னணி. 1960களின் முடிவிலிருந்து அந்த நாடு திட்டமிட்டு மாறியது: திருட்டுக்கான தண்டனைகளைக் குறைத்தது; குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களைச் சிறைக்கு அனுப்புவதைவிட அபராதத்தையும் நிபந்தனைத் தண்டனையையும் விரும்பியது; 1990களில் சமூகப் பணித் தண்டனையைக் கொண்டுவந்தது. 1990களின் முடிவில் கைதிகளின் விகிதம் அண்டை நாடுகளின் அளவுக்கு இறங்கிவிட்டது. இந்த முப்பது ஆண்டுகளில் பின்லாந்தின் குற்றப் போக்கு ஸ்வீடன், நார்வே, டென்மார்க்கின் போக்கிலிருந்து விலகவில்லை. கைதிகளைக் குறைத்ததால் குற்றம் பெருகவில்லை.

ருவாண்டாவின் காரணம் முற்றிலும் வேறு. 1994ஆம் ஆண்டு இனப்படுகொலைக்குப் பிறகு அங்கே லட்சத்துக்கும் மேற்பட்டோர் சிறையில் அடைக்கப்பட்டார்கள். வழக்கமான நீதிமன்றங்களால் அத்தனை வழக்குகளை முடிக்கவே முடியாது என்ற நிலையில் கச்சாச்சா எனும் ஊர் மன்றங்கள் 2012 வரை அவற்றை விசாரித்தன.

சிறை குற்றத்தைக் குறைக்குமா?

எல் சால்வடோர் குறைத்துக் காட்டியிருக்கிறது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். 2022 மார்ச்சில் ஒரே வார இறுதியில் 87 பேர் கொல்லப்பட்டதும் அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது; அதன்பின் 80,000க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டார்கள். மாமூல் கொடுத்து நொந்துபோயிருந்த மக்கள் இதை வரவேற்றார்கள். அவர்களுடைய நிம்மதியைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கொலை விகிதம் 2015லிருந்தே இறங்கிக்கொண்டிருந்தது. 2021இல் அது 18ஐ ஒட்டி வந்துவிட்டது. கைதானவர்களில் குற்றத்தோடு தொடர்பில்லாதவர்களும் இருந்ததை அரசே ஆயிரக்கணக்கானோரை விடுவித்து ஒப்புக்கொண்டிருக்கிறது. மீதமுள்ளவர்களை நூற்றுக்கணக்கில் சேர்த்து ஒரே வழக்காக விசாரிக்கச் சட்டம் மாற்றப்பட்டிருக்கிறது. அத்தனை பேரும் என்றாவது வெளியே வருவார்களா, வந்தால் எந்த வேலைக்குப் போவார்கள் என்பதற்கு விடை இல்லை.

பிரேசில் எதிர்ப்பக்கத்தைக் காட்டுகிறது. 1990இல் அங்கே சுமார் 90,000 கைதிகள். இப்போது 8 லட்சத்துக்கும் மேல். 1992இல் சாவோ பாவ்லோவின் கரண்டிரு சிறையில் காவல்துறை 111 கைதிகளைக் கொன்றது. மறு ஆண்டு அதே மாநிலச் சிறையொன்றில் கைதிகள் தற்காப்புக்காகத் தொடங்கிய கூட்டமைப்பு, இன்று சிறைக்குள் இருந்தபடியே வெளியே போதைப்பொருள் வணிகத்தை நடத்தும் மாபெரும் குற்றக் குழுவாகிவிட்டது. நெரிசலும் வன்முறையும் மிகுந்த சிறைக்குள் ஒருவரை அனுப்பும் ஒவ்வொரு முறையும் அந்தக் குழுவுக்கு ஓர் ஆள் சேர்க்கப்படுகிறார்.

நார்வேயில் விடுதலையானவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் இரண்டு ஆண்டுக்குள் மீண்டும் தண்டனை பெறுகிறார். அமெரிக்காவில் மூன்றில் இருவர் மூன்று ஆண்டுக்குள் மீண்டும் கைதாகிறார்கள். ஒன்று தண்டனைக் கணக்கு, மற்றது கைதுக் கணக்கு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது பிழை; ஆயினும் உள்ளே தொழில் கற்று, வீடும் வேலையும் ஏற்பாடாகி வெளியே வருகிறவர் திரும்பிப் போவது குறைவு என்பதில் ஐயமில்லை.

நம் நாட்டின் எண்ணுக்குள் இருப்பது

லட்சத்துக்கு 40 என்ற இந்தியாவின் எண்ணைப் பார்த்து மகிழ்வதற்கு முன் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காவலர்களும் நீதிபதிகளும் குறைவு, வழக்குகள் நகர்வது மெதுவு, பல தகராறுகள் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையிலேயே முடிந்துவிடுகின்றன என்பவையும் அந்த எண் குறைவாக இருப்பதற்குக் காரணங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டின் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூன்று பங்கினர், விசாரணைக் கைதிகள். அவர்கள் குற்றம் செய்தார்கள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. சிறைகளில் அடைபட்டிருந்தவர்கள் கொள்ளளவில் 131 சதவீதம். வாய்தா மேல் வாய்தா விழும் வழக்குகளே நம் சிறைகளை நிரப்புகின்றன, தண்டனைகள் அல்ல.

தமிழ்நாட்டுக்கே உரிய இன்னொரு கணக்கும் உண்டு. 1982ஆம் ஆண்டின் 14ஆவது சட்டம், மக்கள் வழக்கில் குண்டர் சட்டம், ஒருவரை விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை தடுப்புக் காவலில் வைக்க அனுமதிக்கிறது. தடுப்புக் காவல் கைதிகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு பல ஆண்டுகளாகவே நாட்டின் முதல் வரிசையில் இருக்கிறது. அவசரத்துக்கென்று வந்த சட்டம் அன்றாடக் கருவியாகிவிட்டதை உயர் நீதிமன்றம் பலமுறை கண்டித்து, ஆணைகளை ரத்து செய்தும் வந்திருக்கிறது.

ஜாமீன் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் விசாரணைக் கைதிகளின் பெருக்கம் விளங்கும். ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த எஸ்டேட் தொழிலாளி ஒருவர் திருட்டு வழக்கில் கைதாகி, ரிமாண்ட் செய்யப்பட்டு, சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள மத்திய சிறைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சில வாரங்களில் நீதிமன்றம் ஜாமீன் தருகிறது; இரண்டு ஜாமீன்தாரர்கள் கையெழுத்திட வேண்டும். அவர்கள் சொத்து உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது வழக்கம். வீட்டு வரி ரசீதோ தாசில்தாரின் சொத்து மதிப்புச் சான்றோ கேட்கப்படும். எஸ்டேட் குடியிருப்பில் வாழ்பவருக்கும், பட்டா இல்லாத நிலத்தில் பயிர் செய்பவருக்கும், அவருடைய உறவினர்களுக்கும் அந்தக் காகிதம் எங்கிருந்து கிடைக்கும்? வீட்டார் ஒரு நாள் கூலியை விட்டு மலை இறங்கி, வக்கீலைப் பார்த்து, ஜாமீன்தாரரைத் தேடி அலைய வேண்டும். ஜாமீன் ஆணை கையில் இருந்தும் ஒருவர் உள்ளேயே இருப்பது இப்படித்தான் நேர்கிறது. அதே வழக்கில் சேலம் நகரத்தில் சொந்த வீடும் தெரிந்த வக்கீலும் உள்ளவர் அதே நாள் மாலையில் வெளியே வந்துவிடுவார். இரண்டு பேரின் குற்றத்துக்கும் வேறுபாடு இல்லை. வேறுபடுவது சொத்து மட்டுமே.

ஹுசைனாரா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1979லேயே இந்த அநியாயத்தைச் சுட்டிக்காட்டியது; விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில், ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளிவராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் ஆணையிட்டது. பணம் கட்ட முடியாத ஏழை விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை உதவும் திட்டத்தை மத்திய உள்துறை அதே ஆண்டில் அறிவித்தது. சேலத்திலும் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. கைதானவரின் குடும்பம் கட்டணமில்லாமல் வக்கீல் உதவி கேட்டு அங்கே மனுக் கொடுக்கலாம். மலைக் கிராமங்களில் இதைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு என்பதால் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவு, இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாத விசாரணைக் கைதி, தன் மீது சாட்டப்பட்ட குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தைச் சிறையிலேயே கழித்துவிட்டால் அவரை நீதிமன்றம் பிணையில் விடுவிக்க வேண்டும் என்கிறது; மற்றவர்களுக்கு அது பாதிக் காலம். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. சட்டம் வருவதற்கு முன் பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவருக்கு இந்தச் சலுகையை மறுக்கிறது. சிறு திருட்டிலும் வழிப்பறியிலும் சந்தேகிக்கப்படும் ஏழையின் மீது பழைய வழக்குகளும் சேர்த்துப் போடப்படுவது நம் காவல் நிலையங்களில் புதிதல்ல. ஆகவே இந்த விதி யாருக்கு மிகவும் தேவையோ அவர்களில் பலரை அது எட்டுவதே இல்லை. அந்த உட்பிரிவைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருக்கிறது.